ஊதுலைக்கு எந்தக் கரி?

(ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கலந்துகொண்ட விஞ்ஞான வகுப்பில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்றைய வகுப்பில் இரும்பைப் பற்றிப் பேசுகிறோம். இரும்பு உருக்குவது பிலாயிலும் ஜாம்ஷெட்பூரிலும் இருப்பவர்கள் வேலை. பஞ்சாலையில் நூல் நூற்பவர்களுக்கும் வயலில் நாற்று நடுபவர்களுக்கும் அதில் என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். அப்படி ஒதுங்கிவிட முடியாது. நம் கையில் உள்ள அரிவாள், மண்வெட்டி, ஏரின் கொழு, ஆலையில் சுழலும் ஸ்பிண்டில், நாம் ஏறி வரும் பஸ், ரயில் எல்லாம் ஏதோ ஓர் உலையின் வயிற்றிலிருந்து வந்தவைதான். அந்த உலைக்கு எதைத் தீனியாகப் போடுகிறார்கள், அந்தத் தீனியை யார் வெட்டுகிறார்கள், யார் சுடுகிறார்கள், யாருடைய நிலத்தில் அது விளைகிறது என்பவை நம்முடைய கேள்விகள்.

இப்போது இந்தக் கேள்விகளுக்கு ஓர் அவசரமும் வந்திருக்கிறது. உலகம் சூடேறி வருகிறது. ஊதுலை வழியாக ஒரு டன் எஃகு செய்தால் சுமார் 2 டன்னும் அதற்கு மேலும் கரியமில வாயு வானத்தில் கலக்கிறது. ஆகவே நிலக்கரிக்குப் பதிலாக மரக்கரி போடலாமா, வேளாண் கழிவைக் கரியாக்கிப் போடலாமா, பிளாஸ்டிக் குப்பையைப் போடலாமா என்று உலகெங்கும் எஃகுக் கம்பெனிகள் தேடுகின்றன. இந்தத் தேடல் நாளைக்கு நம் ஊர்க் காட்டுக்கும் கரம்புக்கும் வந்து சேரும். வருவதற்கு முன்பே விஷயத்தைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

உலைக்குள் என்ன நடக்கிறது?

மலையிலிருந்து வெட்டி எடுக்கும் இரும்புத் தாது வெறும் இரும்பல்ல. அதில் இரும்பும் பிராணவாயுவும் இறுகப் பிணைந்து கிடக்கின்றன. துருப்பிடித்த ஆணியைப் பார்த்திருக்கிறோம். தாதுவும் ஏறக்குறைய அந்தத் துருவைப் போன்றதுதான். அதிலிருந்து பிராணவாயுவைப் பிடுங்கி எடுத்தால் இரும்பு தனியாக நிற்கும். அப்படிப் பிடுங்கி எடுக்க வல்லது கரி.

ஊதுலை என்பது உயரமான ஒரு கோபுரம். உள்ளே நெருப்புக்குத் தாங்கும் செங்கல். மேலிருந்து தாது, கரி, சுண்ணாம்புக்கல் மூன்றையும் அடுக்கடுக்காகப் போடுகிறார்கள். அடியில் உள்ள ஊதுகுழாய்கள் வழியாக 1000 டிகிரிக்கு மேல் சூடேற்றிய காற்றைப் புயல்போல் ஊதுகிறார்கள். கரி எரிகிறது, வாயுவாகிறது, அந்த வாயு மேலே ஏறும்போது தாதுவிலுள்ள பிராணவாயுவைக் கவர்ந்துகொண்டு போகிறது. இரும்பு உருகிச் சொட்டுச் சொட்டாக அடியில் இறங்குகிறது. தாதுவிலுள்ள மண்ணும் கல்லும் சுண்ணாம்போடு சேர்ந்து கசடாகி இரும்பின்மேல் மிதக்கிறது. உலையை நிறுத்துவதே இல்லை. இரவு பகல், தீபாவளி பொங்கல் என்று பாராமல் ஆண்டுக்கணக்கில் எரிந்துகொண்டே இருக்கும்.

இங்கே போடும் கரி சாதாரண நிலக்கரி அல்ல. நிலக்கரியைக் காற்றுப் படாமல் மூடிய அடுப்பில் சுமார் 1000 டிகிரியில் பல மணி நேரம் வேகவைத்து எடுத்த கோக். எல்லா நிலக்கரியும் கோக்காகாது. சூடேறும்போது இளகி, குமிழி விட்டு, பின் ஒரே கெட்டியாக இறுகும் குணம் சில வகை நிலக்கரிக்குத்தான் உண்டு. மற்றவை பொடியாகவோ உதிரியாகவோ போய்விடும்.

கோக்கின் மூன்று வேலை

கோக் உலைக்குள் மூன்று வேலை செய்கிறது. இந்த மூன்றையும் மனத்தில் நன்றாக வாங்கிக்கொண்டால், மாற்றுக் கரியைப் பற்றி யார் என்ன சொன்னாலும் நாமே எடை போட்டுப் பார்க்க முடியும்.

முதலாவது, சூடு தருகிறது. இரண்டாவது, தாதுவிலிருந்து பிராணவாயுவைப் பிடுங்குகிறது. மூன்றாவது, பாரம் தாங்குகிறது. இந்த மூன்றாவது வேலையைப் பலர் கவனிப்பதில்லை. உலையின் மேல்பாதியில் ஆயிரக்கணக்கான டன் தாதுவும் கல்லும் அழுத்திக்கொண்டிருக்கின்றன. கீழ்ப்பகுதியில் தாது உருகிக் கூழாகிவிடுகிறது. அந்த இடத்தில் உருகாமல், நொறுங்காமல் நிற்பது கோக் ஒன்றுதான். பந்தலுக்குப் பந்தக்கால் எப்படியோ, அப்படி. அதன் கட்டிகளுக்கு நடுவேயுள்ள இடைவெளியில்தான் காற்று மேலே ஏற வேண்டும், உருகிய இரும்பு கீழே இறங்க வேண்டும். கரி நொறுங்கிப் பொடியானால் இடைவெளி அடைபடும். காற்றுக்கு வழி இராது. உலை மூச்சுத் திணறி நிற்கும். உள்ளே இருக்கும் இரும்பு உறைந்தால் கதை முடிந்தது.

ஆகவே சட்டம் இது: முதல் இரண்டு வேலைக்கு எந்தக் கரியும் உதவும். மூன்றாவது வேலைக்கு உறுதியான கரி வேண்டும். உலை எவ்வளவு உயரமோ அவ்வளவு உறுதி வேண்டும்.

பரங்கிப்பேட்டைப் பாடம்

கோக் வருவதற்கு முன் உலகம் முழுவதும் மரக்கரியில்தான் இரும்பு உருக்கினார்கள். நம் சேலம் கஞ்சமலை அடிவாரத்தில் மண்ணால் கட்டிய சிறு உலையில், ஆட்டுத்தோல் துருத்தியால் ஊதி, மரக்கரி போட்டு இரும்பு எடுத்தவர்கள் நம் முன்னோர்கள். மரக்கரியில் கந்தகம் குறைவு, சாம்பலும் குறைவு. ஆகவே இரும்பு சுத்தமாக இருந்தது. ஆனால் மரக்கரி கை பட்டாலே நொறுங்கும். அதனால் உலை உயரக்கூடாது. உலை உயராததால் உற்பத்தியும் பெருகாது.

இங்கிலாந்தில் 1709-ல் ஆபிரகாம் டார்பி என்பவர் கோல்புரூக்டேல் என்ற ஊரில் கோக் போட்டு இரும்பு உருக்கிக் காட்டினார். அதன் பிறகு உலைகள் வளர்ந்தன. இரும்பு காட்டின் பிடியிலிருந்து விடுபட்டது.

ஆனால் கோக் இல்லாத தென்னாட்டில் என்ன நடந்தது? கிழக்கிந்தியக் கம்பெனியின் சிவில் உத்தியோகத்தில் இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற வெள்ளைக்காரர் 1830-ல் பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை தொடங்கினார். சேலத்துத் தாது, மரக்கரி, ஐரோப்பிய பாணி ஊதுலை. தாது நல்ல தாது. இரும்பும் நல்ல இரும்பு. ஆனால் உலைக்குத் தீராத பசி. ஒரு டன் மரக்கரிக்கு, மண் மூட்டத்தில் சுட்டால், நாலைந்து டன் மரம் வேண்டும். சுற்றியிருந்த காட்டை வெட்ட வெட்ட, கரி வர வேண்டிய தூரம் கூடிக்கொண்டே போனது. தூரம் கூடினால் வண்டிச் சத்தம் கூடும். கப்பலில் வந்து இறங்கிய சீமை இரும்போடு விலையில் போட்டி போட முடியவில்லை. கம்பெனி கைமாறியது; பெயர் மாறியது; 1860-களில் பரங்கிப்பேட்டை உலை அணைந்தது. மரத்தைத் திரும்ப நடாமல் வெட்டி மட்டும் எரிக்கும் உலை தன் கிளையைத் தானே வெட்டிக்கொள்கிறது என்பது இந்த மண்ணிலேயே கிடைத்த பாடம்.

பக்கத்து மாநிலத்தில் பத்ராவதி வேறு விதமாகச் செய்தது. விசுவேசுவரய்யாவின் முயற்சியால் மைசூர் இரும்பு ஆலை 1923-ல் உற்பத்தியைத் தொடங்கியது. அதுவும் மலைநாட்டு மரக்கரியில் ஓடிய ஊதுலைதான். ஆனால் அங்கே மரத்தை மூடிய பாத்திரத்தில் வைத்துக் காய்ச்சினார்கள். வெளியேறும் புகையைக் குழாய் வழியாகப் பிடித்துக் குளிரவைத்து, அதிலிருந்து மெதில் சாராயம், காடிச் சத்து, தார் முதலியவற்றைப் பிரித்தெடுத்தார்கள். சுமார் 100 ஆண்டுக்கு முன்பே, மரம் கரியாகும்போது வரும் புகையைச் சரக்காக்க முடிந்தது. இதைச் சற்று நினைவில் வைத்துக்கொள்வோம். பின்னால் இதற்குத் திரும்ப வருகிறோம்.

கோக்கின் விலையை யார் கொடுத்தார்கள்?

விடுதலைக்குப் பின் நாட்டில் பெரிய எஃகு ஆலைகள் எழுந்தன. சோவியத் உதவியோடு கட்டிய பிலாயில் முதல் ஊதுலை 1959-ல் எரிந்தது. ரூர்கேலா, துர்க்காப்பூர், பொக்காரோ என்று வரிசையாக வந்தன. எல்லாவற்றுக்கும் கோக் வேண்டும். கோக்காகும் நல்ல நிலக்கரி ஜாரியாவைச் சுற்றித்தான் அதிகம். தனியார் சுரங்க முதலாளிகள் மேலாக உள்ள நல்ல கரியை மட்டும் சுரண்டி எடுத்துவிட்டு மற்றதைத் தீக்குக் கொடுத்தார்கள். ஜாரியாவில் 1916-ல் பற்றிய நிலத்தடித் தீ இன்னும் அடங்கவில்லை. கோக் கரிச் சுரங்கங்களை அரசாங்கம் 1971-ல் தன் நிர்வாகத்தில் எடுத்து, 1972-ல் தேசவுடைமையாக்கியது.

அதற்குப் பிறகும் சாஸ்நாலாவை நாம் மறக்க முடியுமா? 1975 டிசம்பர் 27-ல் இரும்பு ஆலைக்குக் கரி தோண்டிய அந்தச் சுரங்கத்துக்குள் மேலே தேங்கியிருந்த தண்ணீர் உடைத்துக்கொண்டு பாய்ந்தது. 375 தொழிலாளர்கள் மாண்டார்கள். அவர்கள் தோண்டியது அடுப்புக் கரி அல்ல; உலைக்குப் போகும் கரி.

சுரங்கத்தோடு ஆபத்து முடியவில்லை. கோக் அடுப்பின் உச்சியில் நின்று வேலை செய்பவர் மூச்சில் தாரும் புகையும் போகிறது. அமெரிக்க எஃகுத் தொழிலாளர்களைப் பல ஆண்டு தொடர்ந்து கவனித்த ஆராய்ச்சி 1970-களின் தொடக்கத்தில் வெளிவந்தது. அடுப்பின் மேலே வேலை செய்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் மிக அதிகம் என்று அது காட்டியது. அதன் பின்னரே 1976-ல் அங்கே கோக் அடுப்புக்கென்று தனிப் பாதுகாப்பு விதி வந்தது. அடுப்புகள் எரியத் தொடங்கி எத்தனை தலைமுறை கழித்து!

இன்று என்ன நிலைமை? நம் நாட்டுக் கோக் கரியில் சாம்பல் அதிகம். சாம்பல் அதிகமானால் கசடு அதிகம். கசடை உருக்க மேலும் கோக் வேண்டும். அதனால் எஃகு ஆலைகளுக்கு வேண்டிய கோக் கரியில் பெரும்பகுதியை ஆஸ்திரேலியா முதலிய நாடுகளிலிருந்து கப்பலில் வாங்குகிறோம். ஆண்டுக்கு 5 கோடி டன்னுக்கு மேல் இறக்குமதி. அங்கே வெள்ளம் வந்து சுரங்கம் நின்றால் இங்கே இரும்பு விலை ஏறுகிறது. மாற்றுக் கரி வேண்டும் என்ற பேச்சு வெறும் காற்று மாசுக்காக மட்டும் எழவில்லை என்பதும் இதனால் விளங்கும்.

பழுப்புக் கரியில் இரும்பு

மாற்று முடியாத காரியமா? முடியும் என்று காட்டியவர்கள் உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜெர்மனி இரண்டாகப் பிரிந்தது. ரூர் பிரதேசத்துக் கோக் கரி மேற்கு ஜெர்மனிக்குப் போயிற்று. கிழக்கு ஜெர்மனியின் கையில் மிஞ்சியது பழுப்பு நிலக்கரி. நம் நெய்வேலியில் கிடைப்பதைப் போன்றது. சூடேற்றினால் இறுகாமல் உதிர்ந்துவிடும் கரி. எரிக் ராம்லர், கியோர்க் பில்கென்ரோத் என்ற இரண்டு விஞ்ஞானிகள் ஒரு வழி கண்டார்கள். அந்தக் கரியை உலர்த்தி, மிக நுண்ணிய பொடியாக அரைத்து, பலமான அழுத்தத்தில் கட்டியாக அச்சிட்டு, பின் மெதுவாக, பக்குவமாகச் சூடேற்றினார்கள். கட்டி உடையாமல் கரியாயிற்று. லாவுக்ஹாமர் என்ற ஊரில் 1952-ல் இதற்கென்று பெரிய ஆலை எழுந்தது. கால்பே என்ற ஊரில் பத்துத் தாழுலைகளில் அந்தக் கரியைப் போட்டு இரும்பு உருக்கினார்கள். கரி கோக் அளவுக்கு உறுதியாக இல்லாததால் உலையைத் தாழ்வாகக் கட்டினார்கள். நாம் முன்பு சொன்ன சட்டம் இங்கே அப்படியே வேலை செய்கிறது பாருங்கள்!

தாழுலையில் கரிச் செலவு மிக அதிகம். வெளியிலிருந்து நல்ல கோக் கிடைத்த பிறகு அந்த உலைகள் நிலைக்கவில்லை. லாவுக்ஹாமர் சுற்றுப்புறத்துக் காற்றும் தண்ணீரும் கெட்டுப்போயின. இவையும் உண்மை. ஆயினும் கோக் இல்லை என்று கைகட்டி நிற்காமல் தன் மண்ணில் உள்ளதைக் கொண்டு ஒரு நாடு இரும்பு எடுத்தது என்பதும் உண்மை.

அதே காலத்தில் நம்மிடமும் அந்த ஆசை இருந்தது. நெய்வேலியில் 1957-ல் சுரங்க வேலை தொடங்கிற்று. சேலத்தில் தாது, நெய்வேலியில் கரி. இரண்டையும் சேர்த்தால் தமிழ்நாட்டிலேயே இரும்பு எடுக்கலாமே என்று ஆராய்ந்தார்கள். ஜாம்ஷெட்பூர் தேசிய உலோக ஆராய்ச்சிக்கூடத்தில் கோக்காகாத கரிகளைத் தாழுலையில் போட்டுச் சோதனை நடந்தது. சேலத்துத் தாதுவில் இரும்பு 35 சதவீதம் அளவுதான். அதை அரைத்துக் காந்தத்தால் பிரித்துச் செறிவாக்க வேண்டும் என்ற சிக்கலும் இருந்தது. முடிவில் சேலத்துக்கு 1970-ல் அடிக்கல் நாட்டி, 1981-ல் ஆலை ஓடியபோது, அது ஊதுலை இல்லாத ஆலையாக, வெளியிலிருந்து வரும் எஃகுச் சுருளைத் தகடாக்கும் ஆலையாக அமைந்தது. நெய்வேலியில் பழுப்புக் கரியை அச்சிட்டுச் சுட்ட ‘லெக்கோ’ கட்டிகள் பெரும்பாலும் வீட்டு அடுப்பில் எரிந்தன. பின்னர் அந்த ஆலையும் மூடப்பட்டது.

இன்று என்னென்ன போடுகிறார்கள்?

இப்போது நடைமுறையில் உள்ள வழிகளைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

ஒன்று: பொடிக் கரியை அடியில் ஊதுகுழாய் வழியாகவே செலுத்துவது. கோக்காகாத மலிவான நிலக்கரியை அரைத்து ஊதுகிறார்கள். நல்ல உலைகளில் ஒரு டன் இரும்புக்கு 150 முதல் 200 கிலோ வரை இப்படிப் போகிறது. ஜப்பானில் 1996-லிருந்து கெய்ஹின் எஃகு ஆலையில் பிளாஸ்டிக் கழிவையும் சிறு உருண்டைகளாக்கி இப்படியே ஊதினார்கள். மரக்கரிப் பொடியையும் ஊதலாம். ஊதுகிற கரி பாரம் தாங்க வேண்டியதில்லை அல்லவா? முதல் இரண்டு வேலைதான் அதற்கு.

இரண்டு: முன்பு சல்லடையில் கழித்து ஒதுக்கிய சிறு கோக் துண்டுகளைத் தாதுவோடு கலந்து மேலிருந்து போடுவது. தாதுவுக்கு நடுவிலேயே கரி இருப்பதால் வேலை விரைவாக நடக்கிறது. பெரிய கோக்கும் தேயாமல் தப்புகிறது. குப்பையென்று ஒதுக்கியது காசாகிறது.

மூன்று: தாதுத் தூளையும் கரித்தூளையும் சேர்த்தே அச்சிட்டுக் கட்டியாக்கிப் போடுவது. ஒரே கட்டிக்குள் தாதுவும் கரியும் நெருங்கி இருப்பதால் பிராணவாயு சீக்கிரம் கழல்கிறது. ஆலையில் வீணாகும் இரும்புத் தூசியையும் இந்தக் கட்டிக்குள் சேர்க்கலாம்.

நான்கு: முழுக்க மரக்கரியிலேயே உலையை ஓட்டுவது. உலகில் இதைப் பெரிய அளவில் செய்யும் நாடு பிரேசில். அங்கேயும் அவை சிறிய உலைகள்தான்.

பெரிய உலையிலிருந்து கோக்கை முழுவதும் விரட்ட இந்த நான்கில் எதுவும் போதாது. ஆனால் கோக்கின் பங்கைக் கணிசமாகக் குறைக்க முடியும். கரியே வேண்டாம், ஹைட்ரஜன் வாயுவைக் கொண்டே பிராணவாயுவைப் பிடுங்குவோம் என்று ஸ்வீடன் போன்ற நாடுகளில் வேறு வகை உலையில் முயல்கிறார்கள். அதற்கு மலிவான மின்சாரம் ஏராளமாக வேண்டும். அதுவரை ஊதுலைகள் எரியும். அவற்றுக்குக் கரியும் தேவைப்படும்.

ஒரு கணக்கு

மரம் வளரும்போது வானத்திலிருந்து எடுத்த கரியைத்தான் எரியும்போது திருப்பித் தருகிறது. ஆகவே மரக்கரி இரும்பு பச்சை இரும்பு என்கிறார்கள். வெட்டிய இடத்தில் திரும்ப மரம் வளர்ந்தால் இது சரி. வளராவிட்டால் பொய். அதோடு ஒரு கணக்கையும் போட்டுப் பார்ப்போம்.

ஆண்டுக்கு 10 லட்சம் டன் இரும்பு எடுக்கும் ஆலை ஒன்று. எஃகு உலகில் இது பெரிய ஆலை அல்ல. ஒரு டன் இரும்புக்கு 600 கிலோ மரக்கரி என்று வைத்துக்கொண்டால் 6 லட்சம் டன் மரக்கரி. ஒரு டன் கரிக்கு 4 டன் மரம் என்றால் 24 லட்சம் டன் மரம். ஓர் ஏக்கரில் ஆண்டுக்கு 4 டன் உலர்ந்த மரம் விளையும் என்று வைத்தால் 6 லட்சம் ஏக்கர் நிலம்! ஒரே ஆலைக்கு! அந்த 6 லட்சம் ஏக்கர் எங்கிருந்து வரும்? ஆடு மாடு மேயும் கரம்பா, கூலிக்காரன் சுள்ளி பொறுக்கும் புறம்போக்கா, நெல்லும் கேழ்வரகும் விளையும் புன்செய்யா? விவசாயத் தொழிலாளிக்கு ஊதுலையில் என்ன வேலை என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில்.

கரி சுடுபவன் கதை

பிரேசிலுக்குத் திரும்புவோம். கராஜாஸ் தாது மலையைச் சுற்றியும் மீனாஸ் ஜெராய்ஸ் மாநிலத்திலும் மரக்கரி உலைகள் பல எழுந்தன. அவற்றுக்குக் கரி கொடுக்கக் காட்டோரத்தில் மண்ணாலும் செங்கல்லாலும் கட்டிய கரிச் சூளைகள் வரிசை வரிசையாக எரிந்தன. வேலைக்கு ஆள் பிடிக்கத் தரகர்கள். ஏழைக் கிராமங்களில் முன்பணம் கொடுத்துக் கூட்டி வந்தார்கள். வந்த பின் பயணச் செலவு, சாப்பாட்டுச் செலவு, கருவிச் செலவு எல்லாம் கடனில் ஏறும். கடன் தீரும் வரை போக முடியாது. குடும்பங்கள் புகையிலேயே கிடந்தன. 1995-ல் அந்த நாட்டு அரசாங்கம் அடிமை வேலையை ஒப்புக்கொண்டு, சோதனை செய்து மீட்க நடமாடும் அதிகாரிகள் குழுவை அமைத்தது. கரிச் சூளைகளிலிருந்து பலர் மீட்கப்பட்டார்கள். அந்தக் கரியில் உருகிய இரும்பு கப்பலேறி அமெரிக்க எஃகு ஆலைகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. கார் வாங்கியவனுக்குக் கரி சுட்டவன் முகம் தெரியாது.

தரகர், முன்பணம், தீராத கடன். இந்தச் சொற்கள் நமக்குப் புதியவையா? நம் நாட்டில் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-ல் வந்தது. அதற்கு 43 ஆண்டு கழித்து, 2019-ல் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 40-க்கும் மேற்பட்டவர்களைக் கொத்தடிமைகளென்று அதிகாரிகள் மீட்டார்கள். அவர்கள் இருளர் குடும்பங்கள், குழந்தைகளும் இருந்தார்கள். உலைக்கு மரம் கேட்கும் பெரிய வியாபாரி இன்னும் வரவில்லை. வருவதற்கு முன்பே நிலைமை இது.

ராமநாதபுரம் சீமையில் சீமைக்கருவேல் வெட்டி மூட்டம் போடுபவர்களை நமக்குத் தெரியும். கட்டையை அடுக்கி, வைக்கோலும் தழையும் மூடி, மண் பூசி, தீ வைத்து, நாட்கணக்கில் காவல் இருக்க வேண்டும். மண் வெடித்துக் காற்று புகுந்தால் கரி சாம்பலாகும். ராத்திரியில் எழுந்து எழுந்து பார்த்து வெடிப்பை மெழுக வேண்டும். புகை கண்ணிலும் நெஞ்சிலும். மூட்டம் பிரிக்கும்போது கரித்தூள். மானம் பார்த்த பூமியில் மழை பொய்த்தால் இதுதான் பலருக்குக் கஞ்சி. அந்தத் தொழிலை இழிவாக நாம் பேச மாட்டோம். அந்தப் புகை அவர்கள் தலைவிதி என்று ஏற்கவும் மாட்டோம்.

இங்கேதான் பத்ராவதியை நினைவுபடுத்துகிறோம். மூடிய பாத்திரத்தில் மரத்தைக் காய்ச்சி, புகையைப் பிடித்து, சரக்காக்கி விற்க 1923-லேயே முடிந்தது. இன்று ஏன் முடியாது? மண் மூட்டத்தில் புகை கூலிக்காரன் நெஞ்சுக்குள் போகிறது. அதற்கு யாரும் காசு கொடுப்பதில்லை. ஆகவே அது மலிவு. மூடிய பாத்திரத்துக்கு முதல் போட வேண்டும். கணக்கு இவ்வளவுதான். மூடிய பாத்திரத்தில் கரியும் அதிகம் கிடைக்கும், மரமும் மிச்சமாகும், நெஞ்சும் தப்பும். விஞ்ஞானம் வழியைக் காட்டிவிட்டது. அதைக் கைக்கொள்ளச் செய்வது ஒன்றுபட்ட தொழிலாளரின் பலம்.

நாம் கேட்க வேண்டியவை

தோழர்களே! மாற்றுக் கரி கூடாது என்று நாம் சொல்லவில்லை. கோக்கே போதும் என்று சொன்னால், ஜாரியாவில் எரியும் பூமிக்கு மேல் குடியிருப்பவனுக்கும் கோக் அடுப்பின் உச்சியில் நிற்பவனுக்கும் நாம் துரோகம் செய்தவர்களாவோம். மாற்று வரட்டும். வரும்போது நான்கு கேள்வி கேட்போம்.

இந்தக் கரி உலைக்குள் எந்த வேலையைச் செய்யும்? சூடா, பிராணவாயுவைப் பிடுங்குவதா, பாரம் தாங்குவதா? எவ்வளவு கோக்கை மெய்யாகவே மிச்சப்படுத்தும்?

இது யாருடைய நிலத்தில் விளையும்? வெட்டிய இடத்தில் நட்டவர் யார்? மேய்ச்சலும் சோளமும் எங்கே போகும்?

வெட்டுபவனுக்கும் சுடுபவனுக்கும் என்ன கூலி? அவன் பெயர் பதிவேட்டில் இருக்கிறதா? அவன் சுட்ட கரியை அவன் கண்ணெதிரே நிறுக்கிறார்களா? முன்பணம் என்ற பெயரில் கடன் சங்கிலி இருக்கிறதா?

புகை எங்கே போகிறது? குழாய்க்குள்ளா, குழந்தையின் மூச்சுக்குள்ளா?

இந்த நான்குக்கும் நேரான பதில் கிடைத்தால்தான் அந்த இரும்பைப் பச்சை இரும்பு என்று நாம் ஒப்புக்கொள்வோம். ஆலைத் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் தனித்தனியே கேட்டால் பதில் வராது. உலை வாயிலில் நிற்பவன் கரி எங்கிருந்து வருகிறது என்று கேட்க வேண்டும். கரிமூட்டத்தில் நிற்பவன் கரி எங்கே போகிறது என்று கேட்க வேண்டும். இரண்டு கேள்வியும் ஓரிடத்தில் சேர்ந்தால், பதில் சொல்லாமல் யாரும் தப்ப முடியாது.

அடுத்த வாரம் உங்கள் ஊருக்குப் போனதும் மூட்டம் போடுபவர்களைச் சந்தியுங்கள். மூட்டைக்கு என்ன விலை, யார் வாங்குகிறார், எவ்வளவு முன்பணம் என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். அடுத்த வகுப்பை அந்தக் கணக்கிலிருந்தே தொடங்குவோம்.